பாதையின் உரிமையும் திருவல்லிக்கேணியின் ரமளான் இரவுகளும்



ஷஃபான் மாதம் பாதியைத் தாண்டியதும் சென்னை திருவல்லிக்கேணியில் ரமளானுக்கான வேலைகள் தொடங்கிவிடுகின்றன. பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சும் தேக்சாக்கள் துலக்கி எடுக்கப்படுகின்றன. தராவீஹ் தொழவைக்கப் போகும் ஹாஃபிழ் யார் என்ற பேச்சு எழுகிறது. ஜாம் பஜாரில் பேரீச்சம்பழப் பெட்டிகள் வந்து இறங்குகின்றன. பிறை தென்பட்டுவிட்டால் அந்தப் பகுதியின் பகலும் இரவும் ஒரு மாத காலத்திற்கு இடம் மாறிக்கொள்கின்றன. அஸருக்குப் பின் தூக்குவாளியுடன் பிள்ளைகள் கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறார்கள். மஃரிபுக்குச் சற்று முன்னர் வாலாஜா பெரிய பள்ளிவாசலை நோக்கி மக்கள் விரைகிறார்கள். தராவீஹ் முடிந்த பிறகு கடைவீதி விழித்துக்கொள்கிறது. தொப்பி, அத்தர், புத்தாடை, வளையல், ஹலீம், சமோசா, கடற்பாசி என்று சஹர் நேரம் நெருங்கும் வரையில் கூட்டம் கலைவதில்லை.

இந்தக் கூட்டத்தைப் பற்றி ஆண்டுதோறும் எழுதப்படுவனவும் படம் பிடித்துக் காட்டப்படுவனவும் பெரும்பாலும் இரண்டே பொருள்களைச் சுற்றி அமைகின்றன. ஒன்று உணவு; மற்றொன்று மத நல்லிணக்கம். இரண்டும் உண்மைதான், இரண்டிலும் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இவ்விரண்டிலும் இடம்பெறுவதில்லை. நம்முடைய ஒன்றுகூடலால் யார் பயன் பெறுகிறார், யார் துன்பப்படுகிறார்? மார்க்கம் கூட்டங்களை அளப்பது இந்தக் கேள்வியைக் கொண்டுதான் என்பது நம் கருத்து.

பாதையோரங்களில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, கூடிப் பேசுவதற்குத் தங்களுக்கு வேறு இடமில்லை என்று தோழர்கள் முறையிட்டார்கள். அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுமாறு நபியவர்கள் பணித்தார்கள். அந்த உரிமை என்னவென்று வினவப்பட்டபோது, பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்குப் பதில் உரைத்தல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவற்றை எடுத்துரைத்தார்கள். அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் உள்ளது. மதரஸாவில் இந்தப் பாடம் வரும்போது மாணவர்கள் இதனை ஒரு நல்லொழுக்கக் குறிப்பாக மனனம் செய்துவிட்டு அடுத்த ஹதீஸுக்குச் சென்றுவிடுகிறார்கள். சற்று நின்று பார்த்தால் இதில் ஒரு சட்ட நுட்பம் இருப்பது புலப்படும். தோழர்களின் கோரிக்கை ஏற்கப்பட்டது. தெருவில் கூடுவது தடுக்கப்படவில்லை. அதற்கு ஒரு விலை நிர்ணயிக்கப்பட்டது. அந்த விலையைச் செலுத்துகிறவரைதான் கூடுவதற்கு நமக்கு அனுமதி.

திருவல்லிக்கேணியில் நாம் கூடும் இடம் எப்படி அமைந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டியுள்ளது. ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768ஆம் ஆண்டு சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பிக் குடியேறிய பிறகுதான் அதன் அருகிலிருந்த திருவல்லிக்கேணியில் முஸ்லிம்களின் குடியிருப்பு பெருகியது. அரசு அலுவலர்கள், படைவீரர்கள், உலமாக்கள், பாரசீகக் கவிஞர்கள் எனப் பலரும் வெளியூர்களிலிருந்து வந்தவர்களே. நவாபின் அழைப்பை ஏற்று வந்தவர்களுள் லக்னோ ஃபிரங்கி மஹல் குடும்பத்தைச் சேர்ந்த மவ்லானா அப்துல் அலீ பஹ்ருல் உலூம் அவர்களும் ஒருவர். அரபு மதரஸாக்களில் இன்றளவும் நாம் நடத்திவரும் தர்ஸே நிஜாமீ பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீன் அவர்களின் மைந்தர் இவர். 1810இல் மறைந்த அப்பேரறிஞர் வாலாஜா பள்ளிவாசல் வளாகத்திலேயே அடங்கியுள்ளார். அதே வளாகத்தில்தான் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்து, 1972இல் மறைந்த கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

பள்ளிவாசல் 1795ஆம் ஆண்டினது. அதன் ஆண்டைக் குறிக்கும் சொற்றொடரை இயற்றியவர் நவாபின் முன்ஷியாக விளங்கிய ராஜா மக்கன் லால் என்னும் இந்து. இறைநினைவே மிகப் பெரிது என்று பொருள்படும் மூன்று அரபுச் சொற்களை அவர் தேர்ந்தார். அவற்றின் எழுத்துகளுக்குரிய அப்ஜத் எண்களைக் கூட்டினால் 1209 வரும். அதுவே பள்ளிவாசல் எழுந்த ஹிஜ்ரி ஆண்டு. (நம் மாணவர்கள் இதைக் கூட்டிப் பார்ப்பது நல்லது. அப்ஜத் கணக்கு என்றாலே தாயத்து எழுதுவதற்கு என்று எண்ணிக்கொண்டிருக்கிற காலம் இது.) குர்ஆனின் வசனத்தோடு இணைந்த சொற்களில் ஓர் இறையில்லத்தின் பிறந்த ஆண்டை அடையாளம் கண்டு எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு அந்த அறிஞருக்கு அரபும் பாரசீகமும் வசப்பட்டிருந்தன. அதைக் கேட்டுப் பெற்றுக் கல்லில் பதிக்கும் அளவுக்கு நம் முன்னோருக்கு மனவிசாலம் இருந்தது.

1855இல் நவாப் குலாம் கவ்ஸ் கான் வாரிசின்றி மறைந்ததும் ஆட்சியின் பெயரும் போயிற்று. அரண்மனை ஆங்கிலேய அரசின் கைக்குச் சென்றது. மஹல்லா மட்டும் நிலைத்தது. அரசும் அரண்மனையும் போன பிறகும் ஒரு குடியிருப்பு நிலைத்திருக்கிறதென்றால் அதற்குக் காரணம் அது மேலும் மேலும் வெளியூராரை ஏற்றுக்கொண்டதுதான். தக்கினி உருது பேசும் பழங்குடும்பங்களோடு நெல்லை, இராமநாதபுரம், தஞ்சைப் பகுதிகளிலிருந்து வணிகத்திற்காகவும் வேலைக்காகவும் வந்த தமிழ் முஸ்லிம்கள் கலந்தார்கள். இன்று இஃப்தார் விரிப்பில் அமர்ந்தால் ஒருபுறம் உருதுவும் மறுபுறம் நெல்லைத் தமிழும் கேட்கும். தராவீஹ் எட்டா இருபதா என்னும் விவாதம் மட்டும் இரு மொழிகளிலும் ஒரே சூட்டில் நடைபெறும்!

அந்த விரிப்பில் அமர்ந்திருப்பவர்களை உற்று நோக்குங்கள். அருகில் சொந்த வீடு உள்ளவர்கள் அதில் குறைவு. திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களில் ஓர் அறைக்கு மூவர் நால்வராகத் தங்கியிருக்கும் இளைஞர்கள், கடைச் சிப்பந்திகள், வட மாநிலங்களிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்கள், மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்துவிட்டு வந்தவர்கள், வழிப்போக்கர்கள் ஆகியோரே மிகுதி. தாயின் கைச்சமையலோடு நோன்பு திறந்து பழகிய பிள்ளைக்கு முதல் ரமளானை அறையில் தனியாகக் கழிப்பது எத்தனை கடினம் என்பதை ஊரைவிட்டு வந்தவர்களே அறிவர். பள்ளிவாசலின் கஞ்சிக் கோப்பை அப்பிள்ளைக்கு வீடாக அமைகிறது. நோன்பாளியை நோன்பு திறக்கச் செய்பவருக்கு அந்நோன்பாளிக்குரியது போன்ற நற்கூலி உண்டென்ற நபிமொழியை (திர்மிதீ) நம் கண்முன் விளக்கிக் காட்டுவது இந்த விரிப்புதான்.

அங்கு உணவு பரிமாறுகிறவர்களையும் நாம் அறிவோம். பிரிவினையின் துயரில் சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் அவர்கள் தோற்றுவித்த சூஃபிதார் அமைப்பின் சிந்தித் தொண்டர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பணியைச் செய்து வருகிறார்கள். தங்கள் இடத்தில் சைவ உணவாகச் சமைத்துக் கொண்டுவந்து, தலையில் தொப்பி அணிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோன்பாளிகளுக்கு நாள்தோறும் பரிமாறுகிறார்கள். வேலை முடிந்ததும் இடத்தைத் துப்புரவாக்கிவிட்டுச் செல்கிறார்கள். எவரையும் பெயர் கேட்பதில்லை.

இச்செய்தி ஒவ்வொரு ரமளானிலும் செய்தித்தாள்களில் வெளிவருகிறது. நாமும் அதனைக் குழுக்களில் பகிர்ந்து, மாஷா அல்லாஹ் என்று எழுதிவிட்டு அமைதியடைகிறோம். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்பது நபிமொழி. நமக்கு நன்மை செய்தவருக்குப் பிரதிபலன் செய்ய வேண்டும், இயலாதபோது அவருக்காகப் பிரார்த்திக்க வேண்டும் என்றும் நபியவர்கள் (ஸல்) கற்பித்திருக்கிறார்கள் (அபூதாவூத்). இந்த வரிசையைக் கவனியுங்கள். பிரதிபலன் முன்னே நிற்கிறது. இயலாமைக்குப் பிறகே பிரார்த்தனை. திருவல்லிக்கேணி ஜமாஅத்தினர் இயலாதவர்கள் அல்லர். அகதியாக வந்த ஒருவர் தம் துயரத்தைப் பிறரின் பசியாற்றும் தொண்டாக மாற்றினார் என்றால், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இங்கு வேரூன்றியிருக்கும் நாம் நம் தெருவிலுள்ள பிற சமயத்தாருக்கு எதை வழக்கமாக்கி வைத்திருக்கிறோம்? பெருவெள்ளம் போன்ற பேரிடர்களில் நம் இளைஞர்கள் ஓடிச் சென்று உதவியதை நாடறியும். நாம் கேட்பது பேரிடர் இல்லாத நாள்களைப் பற்றி.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் இல்லத்தில் ஓர் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் திரும்பத் திரும்ப வினவியதை அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்துள்ளனர். குழம்பு வைத்தால் அதில் நீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் (ஸல்) அறிவுறுத்தினார்கள். நம்முடைய நோன்புக் கஞ்சி இந்த அறிவுரைக்கென்றே பிறந்த உணவு போலிருக்கிறது. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் சேர்ந்து குழையக் கொதித்து, புதினாவும் மல்லியும் இட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கும் அந்தக் கஞ்சியில் இன்னும் இரண்டு குடம் நீர் ஊற்றினால் இருபது வீட்டுக்குப் போதும். அரசு ஆண்டுதோறும் கஞ்சிக்கென்று பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கிவருகிறது. அது அனைத்துச் சமயத்தாரின் வரிப்பணத்திலிருந்து வருவது என்பதையும் மறந்துவிடலாகாது. சைவ உணவினர் நம் கஞ்சியை ஏற்க மாட்டார்களே என்று சிலர் சொல்வதுண்டு. கொத்துக்கறி சேர்ப்பதற்கு முன்னரே தனிப் பாத்திரத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தால் முடிந்தது. நமக்குப் பரிமாறுகிற சிந்திச் சகோதரர்கள் சைவ உணவையே சமைத்தும் நாம் வயிறார உண்கிறோம் அல்லவா?

இனி, இஃப்தார் விருந்துகள் என்னும் பெயரில் நட்சத்திர விடுதிகளில் நடைபெறுவனவற்றைப் பற்றி ஒரு சொல். நோன்பு நோற்காத பிரமுகர்கள் முன்வரிசையில் அமர, கஞ்சிக்கு முன் புகைப்படம் பரிமாறப்படும் இவ்விருந்துகளில் நம் உலமாக்கள் சிலரும் அலங்காரமாக அமர்த்தப்படுகிறார்கள். செல்வர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் திருமண விருந்தே உணவுகளில் கெட்டது என்ற செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. இஃப்தாருக்கு அது பொருந்தாது என்று எவரேனும் வாதிடுவாராயின் அவரோடு வாதிட நமக்கு நேரமில்லை.

பாதையின் உரிமைக்கு வருவோம். பாரதி சாலையிலும் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையிலும் சாதாரண நாள்களிலேயே வாகனங்கள் ஊர்ந்துதான் செல்லும். ரமளானின் கடைசிப் பத்து இரவுகளில் தள்ளுவண்டிகளும் நிறுத்திவைத்த இருசக்கர வாகனங்களும் சாலையில் பாதியை எடுத்துக்கொண்டால் மீதியில் யார் செல்வது? அருகில் கஸ்தூர்பா காந்தி மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. முதியவர்கள் இன்றும் அதனைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கிறார்கள். ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாத கோஷாப் பெண்களும் பிற பெண்களும் பிரசவத்தில் மாண்டுவந்த நிலையைக் கண்டு, மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1885இல் தொடங்கியது அது. நம் பாட்டிமாரின் ஹயாவை மதித்து ஒரு கிறிஸ்தவப் பெண்மணி ஏற்படுத்திய மருத்துவமனைக்குச் செல்லும் ஆம்புலன்ஸ் நம் வண்டிகளுக்கிடையே சிக்கி நிற்குமானால், அந்த நேரத்தில் பள்ளிவாசலுக்குள் நாம் எத்தனை ரக்அத் தொழுதாலும் வெளியே ஓர் உரிமை பறிபோய்க்கொண்டிருக்கிறது.

பார்வையைத் தாழ்த்துதல் முதலில் சொல்லப்பட்டதும் காரணத்தோடுதான். பெருநாள் துணி எடுக்க இரவில் வரும் பெண்கள் இளைஞர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. பகல் முழுதும் நோன்பு நோற்று, இஃப்தாருக்குச் சமைத்து, பாத்திரம் கழுவி, அதன் பிறகு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிறவர்கள் அவர்கள். வீட்டுப் பெண்களைக் கடைவீதிக்கு அனுப்பாதீர்கள் என்று பயான் செய்வது எளிது. தெருமுனையில் நிற்கும் தம் மகனை அழைத்து அங்கே நிற்காதே என்று சொல்வதுதான் கடினம். கடினமானதையே ஹதீஸ் கேட்கிறது.

பராஅத் இரவிலும் ரமளானின் ஒற்றைப்படை இரவுகளிலும் இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களில் சீறிப் பாய்வது சென்னையில் பல ஆண்டுகளாகத் தொடரும் கேடு. இறைவனிடம் மன்னிப்புக் கேட்கும் இரவில் பெற்றோர் பிள்ளையின் ஜனாஸாவுக்காக அரசு மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் அவலத்தைவிடப் பெரிய சோதனை உண்டா? இதற்குக் காவல்துறையின் தடுப்புகளை மட்டுமே நம்பியிருப்பது ஜமாஅத்துக்கு அழகாகாது. சாவியை வாங்கி வைத்துக்கொள்ளும் அதிகாரம் தந்தைக்கு உண்டு.

ஒலிபெருக்கியைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. நபி (ஸல்) அவர்கள் இஃதிகாஃபில் இருந்தபோது மக்கள் உரத்த குரலில் ஓதுவதைக் கேட்டுத் திரையை விலக்கி, ஒருவருக்கொருவர் தொல்லை தரவேண்டாம், ஓதுவதில் ஒருவர் மீது ஒருவர் குரலை உயர்த்த வேண்டாம் என்று தடுத்தார்கள் (அபூதாவூத்). ஓதப்பட்டது குர்ஆன், ஓதியவர்கள் தோழர்கள், இடம் மஸ்ஜிதுந் நபவீ. அங்கேயே அப்படியென்றால், நள்ளிரவில் வெளிப்புற ஒலிபெருக்கியில் பயான் ஒலிபரப்பி, மறுநாள் தேர்வெழுதப் போகும் பிள்ளையின் உறக்கத்தைக் கெடுப்பதற்கு நாம் எந்த ஆதாரத்தைக் காட்டுவோம்? பாங்குக்கு வெளி ஒலிபெருக்கி. மற்றவற்றுக்கு உள் ஒலிபெருக்கி போதும். சஹருக்கு எழுப்பவோ ஒவ்வொருவர் தலைமாட்டிலும் கைப்பேசி இருக்கிறது.

இவற்றையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், திருவல்லிக்கேணி நாம் மட்டும் கூடும் இடம் அன்று. அல்லிக்கேணி என்னும் குளத்தால் பெயர் பெற்ற அவ்வூரில், ஆழ்வார்கள் பாடிய பார்த்தசாரதி கோயில் பல்லவர் காலந்தொட்டு நிற்கிறது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், மாசியில் தெப்பம், சித்திரையில் தேர் என்று அவர்களுடைய ஆண்டும் தெருவில்தான் சுழல்கிறது. ஹிஜ்ரி மாதங்கள் பருவங்களினூடே நகர்ந்து செல்வதால் ரமளான் எல்லாப் பருவத்தின் திருவிழாக்களையும் முறைவைத்துச் சந்திக்கிறது. ஒரே தெருவை இருவரும் பங்கிட்டுக்கொள்வது இங்கு தவிர்க்க முடியாத நிலை. 1990இல் விநாயகர் சதுர்த்தி ஊர்வலத்தின்போது இந்தத் தெருக்களில் கலவரம் மூண்டதையும், அதன் பிறகு அந்த ஊர்வல நாள்களில் பள்ளிவாசல் அருகே காவலர் வரிசை நிற்பதையும் நம் தலைமுறை மறக்கவில்லை. தெருவைத் தனக்கே உரியதென்று ஒரு கூட்டம் நினைக்கும்போது என்ன நேரும் என்பதை அன்று அனுபவித்தவர்கள் நாம். பள்ளிவாசல் வாசலில் நின்று முழக்கமிட்டவர்கள் பாதையின் உரிமையை அறியாதவர்கள். நமக்கு அது கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அவர்களைவிட நம்மீது பொறுப்பு கூடுதல்.

ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானிக் கழிவுகளைத் தெருவோரம் இடுவது குறித்து முன்னரே பலர் எழுதிவிட்டார்கள். அது இதனோடு சேர்ந்ததே.

ஷஃபானில் ஜமாஅத் கூட்டம் நடைபெறும்போது கஞ்சிச் செலவு, ஹாஃபிழ்களுக்கான ஹதியா, மின்விளக்கு அலங்காரம் ஆகியன பேசப்படும். அந்தப் பட்டியலில் இன்னும் சிலவற்றைச் சேர்க்குமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மருத்துவமனைக்குச் செல்லும் சாலையில் ஒரு பக்கத்தை இரவு முழுதும் காலியாக வைத்திருக்கத் தன்னார்வலர்கள் நியமிக்கப்பட வேண்டும். மேன்ஷன்களில் தங்கியிருக்கும் நோன்பாளிகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே கேட்டறிந்து, சஹர் உணவு கிடைக்காதவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே ஏற்பாடு செய்யலாம். சில பள்ளிவாசல்கள் இதனை நன்முறையில் செய்தும் வருகின்றன. அலங்கார விளக்குகளுக்கான தொகையில் ஒரு பகுதி இதற்குப் போதும். ஒவ்வொரு தெருவிலும் பிற சமயத்தார் வாழும் வீடுகளுக்குக் கஞ்சி கொண்டு செல்லும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். எல்லாரும் செய்வோம் என்று விட்டுவிட்டால் எவரும் செய்வதில்லை. கோயில் நிர்வாகத்தினரையும் கடைக்காரர்களையும் நேரில் சென்று கண்டு, நம்முடைய கூட்டத்தால் என்ன இடையூறு என்று கேட்டு வருவதற்கு ஒரு மாலைப் பொழுது போதுமானது.

அக்கூட்டத்திற்கு இளைஞர்களையும் அழையுங்கள். பெரியவர்கள் முடிவெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுச் செல்வதால் பயனில்லை. இரவு முழுதும் தெருவில் நிற்கப் போகிறவர்கள் அவர்கள்தாம்.